வோச் கட்டியிருக்கான்தானே



கொஞ்சம் நீண்ட பதிவு. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் உம்மா வாப்பாமார் நேரம் எடுத்து வாசித்தால் நல்லம்.

போன கிழமை ஸ்கூல் கேட்டடியில் ஒரு உம்மா எங்களை நிற்பாட்டினார். மூத்த மகன் எங்களிடம் படித்தவன்தான். "சேர், இவன் கூட்டாளிமாரோட நக்கிள்ஸ் மலைக்குப் போகப் போறானாம். மூணு நாளாம்" என்றார். உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டோம். "என்னத்துக்கு சேர் பயம்? காக்கா கட்டார்ல இருந்து அனுப்பின வோச்ச கட்டிட்டுத்தானே போறான். அது எங்க நிண்டாலும் காட்டுமாம்."

மணி அடித்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் வகுப்புக்குள் போய்விட்டோம். அந்தப் பதில் தொண்டையிலேயே நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம், ஏனென்றால் அவர் ஒருவர் மட்டும் இப்படி நினைக்கவில்லை. இந்த இரண்டு மாதத்தில் நாலு பேர் வட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார்கள்: "சேர், ஹைக்கிங் போக எந்த வோச் நல்லம்?"

"நாங்கள்" என்று எழுதுவது மூன்று பேரை. அட்டாளைச்சேனையில் ஒன்றாகப் பயிற்சி எடுத்து, இப்போது மூன்று ஸ்கூலில் படிப்பிக்கிற ஆட்கள். லீவு கிடைத்தால் மலைக்குப் போகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. கோவிந்த ஹெல, நமுனுகுல, பாவா ஆதம் மலை, நக்கிள்ஸ் என்று கொஞ்சம் நடந்திருக்கிறோம். பெரிய ஆட்கள் இல்லை. ஆனால் ஒரு தடவை வழி தவறி ஒரு இரவு முழுக்க மழையில் இருந்திருக்கிறோம், அந்த ஒரு இரவு தந்த உரிமையில்தான் எழுதுகிறோம்.

முதலில் உம்மாமாருக்கு ஒரு விஷயம்.

ஜி.பி.எஸ். என்றால் வானத்தில் இருக்கும் செய்மதி பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்தச் செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. கையில் உள்ள வோச் அதைக் கேட்கும். குறைந்தது நாலு செய்மதியின் சத்தத்தைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் பார்த்து, "நீ இங்கே நிற்கிறாய்" என்று கட்டியிருப்பவனுக்குச் சொல்லும். அவ்வளவுதான். நம்முடைய வாப்பாமார் ரேடியோ கேட்டார்களே, அந்தப் பெட்டி கொழும்பு நிலையத்துக்கு எப்போதாவது பதில் சொன்னதா? அதே மாதிரிதான். வோச் கேட்கும், பேசாது.

அப்படியென்றால் சிலர் வீட்டிலிருந்தே போனில் மகன் நடக்கிற கோட்டைப் பார்க்கிறார்களே என்று கேட்பீர்கள். அது நடப்பது வோச்சால் இல்லை. வோச் பக்கத்தில் உள்ள போனுக்குச் சொல்கிறது, போன் டவருக்குச் சொல்கிறது, டவர் உங்களுக்குச் சொல்கிறது. நடுவில் டவர் இல்லையென்றால் சங்கிலி அறுந்துவிடும். நக்கிள்ஸில் கோபெட்ஸ் கெப் தாண்டி மீமுரே பக்கம் இறங்கினால் பல இடத்தில் போனில் ஒரு கோடு சிக்னலும் வராது. பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடிய இடமும் சிக்னல் இல்லாத இடமும் அநேகமாக ஒன்றுதான்.

செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. சில புதிய விலை கூடிய வோச்சுகளிலும் வந்துவிட்டது. ஆனால் அது வேறு வசதி, அதற்கு மாதக் கட்டணம் வேறு. நம் நாட்டில் அந்தச் சேவை வேலை செய்யுமா என்று கேட்காமல் யாரும் காசைக் கொடுக்க வேண்டாம். காக்கா அனுப்பின வோச்சில் அது இருக்காது என்பதே எங்கள் எண்ணம்.

இனி அந்த இரவின் கதை.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு நீண்ட வாரயிறுதி. மஹியங்கனை, ஹசலக்க வழியாக 18 வளைவு ஏறிப் போனோம். டிக்கட் எடுத்தோம். வழிகாட்டி வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றோம். காரணம் காசு. எங்களில் ஒருவரிடம் நல்ல வோச் இருந்தது, அதற்குள் யாரோ நடந்து இணையத்தில் போட்டிருந்த பாதைக் கோடு இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்து நடந்தால் போதும் என்று நினைத்தோம்.

மத்தியானம் வரை சரி. லுஹர் தொழுது, கொண்டுபோன சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டோம். பிறகு மழை. கோடு ஒரு ஓடையைக் கடந்து போகிறது. காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடியிருக்கும் தண்ணீர் இப்போது இடுப்பளவு, நிறமும் மாறி விட்டது. கடக்காமல் மேலே சுற்றிப் போகலாம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவில் பிழையில்லை, இப்போதும் அதையே செய்வோம். பிழை என்னவென்றால், சுற்றிப் போகும்போது வோச்சை நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தோம். திரை எந்த நேரமும் எரியும்படி வைத்திருந்தோம். அதிலேயே நஷீதும் கேட்டுக்கொண்டு வந்திருந்தோம். மூன்றரை மணிக்கு பெட்டரி 9 வீதம். அஸர் தொழுது எழும்பும்போது 4. மஃரிபுக்கு முன்னமே கறுப்பு.

போனை எடுத்தோம். கூகுள் மெப் திறந்தது, நீலப் புள்ளி ஒன்று வந்தது. புள்ளியைச் சுற்றி வெறும் சாம்பல் நிறம். வரைபடத்தை வீட்டில் வைத்து டவுன்லோட் பண்ண யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று போனுக்குத் தெரியும், ஆனால் அந்த "எங்கே" எந்த இடத்தில் என்று எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை படிப்பிக்கிற ஆட்கள் நாங்கள்!

ஒரு பாறைக்கடியில் இருந்தோம். அட்டைகளை எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டோம். குளிர் பல்லை ஆட்டியது. நம் வட்டைக் காவலில் இருந்த வாப்பாமார் எத்தனை இரவு இப்படி இருந்திருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். ஆனால் அவர்களுக்கு வாடி இருந்தது, நெருப்பு இருந்தது, எந்தப் பக்கம் ஊர் என்று தெரிந்திருந்தது. சுபஹுக்குப் பிறகு வெளிச்சம் வந்து பார்த்தால், பாதை எங்களுக்குக் கீழே நூறு மீற்றர் கூட இல்லை.

இது பெரிய கதையில்லை. யாருக்கும் காயமில்லை. ஆனால் ஊருக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு வெட்கம் வந்தது. வருகிறோம் என்று சொன்ன நேரத்துக்கு வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை. மூன்று வீட்டிலும் இரவு முழுக்க யாரும் தூங்கவில்லை. எங்கே போனார்கள் என்று கேட்டால் மூன்று வீட்டுக்கும் தெரிந்த ஒரே பதில் "கண்டிப் பக்கம்". கண்டிப் பக்கம்! பொலிஸுக்குப் போய் என்ன சொல்வது? எந்த மலை, எந்த வழி, எங்கே வாகனத்தை விட்டார்கள், ஒன்றும் தெரியாது. எங்களில் ஒருவரின் உம்மா விடிய விடிய முன் வராந்தாவில் இருந்திருக்கிறார். ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கிய கருவிக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை, ஒரு துண்டுத் தாளில் எழுதி உம்மாவின் கையில் கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

சரி, வோச்சுக்கு வருவோம். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இப்போதும் கட்டுகிறோம். மழையில் போனை வெளியே எடுக்காமல் கையைத் திருப்பிப் பார்க்கலாம். போன் பைக்குள் நனையாமல், பெட்டரி குறையாமல் கடைசி நேரத்துக்கு மிச்சம் இருக்கும். வந்த வழியே திரும்பிக் கூட்டிக்கொண்டு போகும் வசதி பெரும்பாலான நல்ல வோச்சில் உண்டு, அது உண்மையிலேயே உயிர் காக்கும் வசதி. ஆனால் எதை வாங்குவது என்பதில் நம் பொடியன்கள் ஏமாறுகிறார்கள், அதுவும் ஒரே இடத்தில்: யூடியூபில்.

அந்த வீடியோக்களைப் பாருங்கள். பேசுகிறவர் அல்ப்ஸ் மலையிலோ அமெரிக்காவிலோ நிற்கிறார். காலில் பனிச்சறுக்குக் கட்டை. பனியில் மலை ஏறி, பிறகு சறுக்கி இறங்குகிற விளையாட்டு அவருடையது. எத்தனை தரம் ஏறினேன், எத்தனை தரம் இறங்கினேன் என்று வோச் தானாகப் பிரித்து எண்ண வேண்டும், கையுறையோடு அமத்தக்கூடிய பட்டன் வேண்டும், உறைகுளிரில் பெட்டரி சாகக் கூடாது. அவருக்கு அது நியாயமான தேவை. பனிச்சரிவில் புதைந்தால் தேடுவதற்கு வோச்சை நம்பாமல் அதற்கென்று தனி ஒலிபரப்பிக் கருவியை நெஞ்சில் கட்டியிருப்பார், அதை நம் ஆட்கள் கவனிப்பதில்லை. அவ்வளவு விலை கூடிய வோச் கட்டிய ஆளே உயிர் விஷயத்தில் அதை நம்பவில்லை.

கார்மின் நிறுவனத்தின் உயர்ந்த ரகமான ஃபீனிக்ஸ் வோச்சுகளில் 2,000க்கு மேற்பட்ட பனிச்சறுக்கு மைதானங்களின் வரைபடம் இருக்கிறது. இறக்காமத்து ஆளுக்கு அதில் ஒன்றுகூட உதவாது, ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் காசு. அதே வோச்சை வேறு பிராந்தியத்தில் வாங்கினால் நம் நாட்டு வரைபடம் உள்ளே இல்லாமலும் இருக்கலாம். இலவசமாக ஏற்றலாம், ஆனால் ஏற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

நமக்கு என்ன வேண்டும்? நம் காட்டையும் நம் வானத்தையும் வைத்து யோசித்தால் வேறு மாதிரி வரும்.

பட்டன் நமக்கும் வேண்டும். கையுறைக்காக இல்லை, மழைக்காக. நனைந்த விரலால் தொடுதிரையைத் தொட்டுப் பாருங்கள், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கும். மழைத் துளியே திரையைத் தொட்டு பதிவை நிறுத்திவிடும். தொடுதிரை மட்டும் உள்ள வோச்சைக் காட்டுக்கு வாங்க வேண்டாம்.

அடுத்தது இரட்டை அலைவரிசை. செய்மதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசையில் பேசுகின்றன. பழைய, மலிவான வோச்சுகள் எல் 1 என்ற ஒன்றை மட்டும் கேட்கும். புதியவை சில எல் 5 என்ற இரண்டாவதையும் கேட்கும். பனிமலையில் வானம் திறந்து கிடக்கும், அங்கே ஒன்று இருந்தாலும் பெரிய பிழை வராது. நம் காட்டில் மேலே மரக்கூடல், பக்கத்தில் பாறைச் சுவர். சமிக்ஞை பாறையில் பட்டுத் தெறித்து வரும், வோச் ஏமாந்துபோகும். இன்னொரு காரணம், நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே வளிமண்டலத்தின் மேற்படையான அயனமண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துவது கூடுதல். இரண்டு அலைவரிசையையும் ஒப்பிட்டால் அந்தப் பிழையின் பெரும்பகுதியைக் கழிக்கலாம். ஆகவே ஐரோப்பியருக்கு ஆடம்பரமாக இருக்கும் வசதி நமக்குத் தேவையாக இருக்கிறது. காசு கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். மட்டும் இல்லாமல் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் கேட்கிறதா என்று பாருங்கள். இப்போது அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு.

பெட்டரி. பெட்டியில் "14 நாள்", "21 நாள்" என்று போட்டிருக்கும். அது வெறுமனே கையில் கட்டிக்கொண்டு மணி பார்த்தால். ஜி.பி.எஸ். ஓடும்போது எத்தனை மணித்தியாலம் என்று சின்ன எழுத்தில் வேறு இடத்தில் இருக்கும். அந்த எண்ணைத் தேடுங்கள். ஆப்பிள் வோச்சின் சாதாரண ரகத்துக்கு அந்த நிறுவனமே பல வருடமாகச் சொல்லி வந்தது சாதாரணப் பாவனைக்கு 18 மணித்தியாலம், அல்ட்ராவுக்கு 36. மலைக்கு முதலாவது போதாது. எங்கள் கணக்கு இது: எல்லாச் செய்மதியும் இரட்டை அலைவரிசையும் ஓடும்போது 15 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. நம் நாட்டில் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம், மிச்சம் மூன்று எங்களைப் போன்ற மடையர்களுக்கு. பாவித்த வோச் என்றால் பெட்டியில் உள்ளதில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கேட்கவும் வேண்டாம், சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டும்.

வரைபடம். சில வோச் முழு வரைபடத்தைக் காட்டும், ஓடை, குன்று, பாதை எல்லாம் தெரியும். சிலது வெறும் கறுப்புத் திரையில் ஒரு கோட்டை மட்டும் காட்டும். கார்மின் இன்ஸ்டிங்ட் வோச்சுகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. கோடு மட்டும் போதுமா? கோட்டிலேயே நடக்கும் வரை போதும். நாங்கள் ஓடையைச் சுற்றப் போன மாதிரி கோட்டை விட்டு விலக வேண்டி வந்தால், அடுத்த பக்கம் பள்ளமா மேடா என்று அது சொல்லாது. விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. கோடு மட்டும் காட்டும் வோச்சும், வரைபடம் ஏற்றிய போனும் சேர்ந்தால் எங்களுக்குப் போதும் என்று முடிவெடுத்திருக்கிறோம்.

உயரம் காட்டும் வசதி பற்றி ஒரு சுவையான விஷயம். நல்ல வோச் காற்றழுத்தத்தை அளந்துதான் உயரம் சொல்லும். எட்டு மீற்றருக்குச் சற்றுக் கூட ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபஸ்கல் குறையும். ஆனால் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அழுத்தம் தானாகவே ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும், கடல் ஏற்ற வற்றம் மாதிரி. காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நாலு மணியளவில் அடி. இறக்காமத்தில் கதிரையில் இருந்தபடியே காலையிலிருந்து பின்னேரம் வரை வோச்சைப் பாருங்கள், நீங்கள் 20, 30 மீற்றர் ஏறிவிட்டதாகச் சொல்லும்! ஆகவே உயரம் எழுதிய பலகையைக் கண்டால் வோச்சைத் திருத்திக்கொள்ளுங்கள். உயர்தர பௌதிகப் பிள்ளைகள் இதை ஒரு கிழமை அளந்து வரைபு வரைந்தால் அருமையான செயற்றிட்டம். யாராவது செய்வதென்றால் சொல்லுங்கள், வோச்சை நாங்கள் தருகிறோம்.

இனி மிக முக்கியமான ஏமாற்று. கடையிலும் ஒன்லைனிலும் குறைந்த விலைக்கு "ஜி.பி.எஸ். ஸ்மார்ட் வோச்" என்று விற்கிறார்கள். அதில் பலவற்றுக்குச் சொந்தமாக ஜி.பி.எஸ். இல்லை, போனில் உள்ளதைக் கடன் வாங்கிக் காட்டும். போன் செத்தால் அதுவும் சாகும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. போனை வீட்டில் வைத்துவிட்டு வோச்சை மட்டும் கட்டிக்கொண்டு நம் குளக்கட்டில் ஒரு நடை போய் வாருங்கள். திரும்பி வந்து போனோடு சேர்த்துப் பாருங்கள். கட்டின் வடிவத்திலேயே கோடு விழுந்திருந்தால் வோச்சுக்குச் சொந்தக் காது இருக்கிறது. வெறும் தூரமும் காலடி எண்ணிக்கையும் மட்டும் இருந்தால், சர்க்கரை வருத்தத்துக்கு நடக்கிற எங்கள் சக ஆசிரியைமாருக்கு அது போதும், மலைக்கு ஆகாது. போகிற கோடும் வருகிற கோடும் எவ்வளவு விலகி இருக்கின்றன என்றும் பாருங்கள். ஒரே கட்டில் நடந்தவருக்கு ஒரு கோடு தண்ணீருக்குள்ளும் மற்றது வயலுக்குள்ளும் போனால், அந்த வோச்சை நம்பிப் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு எங்கள் உண்மையான கருத்தைச் சொல்கிறோம். நம் ஊர்ப் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு முதல் மூன்று பயணத்துக்கு வோச் தேவையில்லை. கையில் உள்ள போன் போதும். ஓர்கானிக் மெப்ஸ் மாதிரி இலவசச் செயலி ஒன்றில் அந்தப் பகுதி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். போனை விமானப் பயன்முறையில் வையுங்கள், ஜி.பி.எஸ். கேட்கும், பெட்டரி நிற்கும். ஒரு பவர் பேங்க். தலையில் கட்டும் டோர்ச், அதற்கு மாற்று பெட்டரி. ஒரு விசில். தண்ணீர் போகாத பை. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாள் ஒன்று, ஒரு சாதாரண திசைகாட்டி. கைக்கடிகார உலகத்தில் பெயர்பெற்ற பின்லாந்தின் சூன்டோ நிறுவனம் 1936இல் தொடங்கியதே திசைகாட்டி செய்வதற்குத்தான், அதற்குப் பெட்டரி தேவையில்லை. இவ்வளவும் சேர்த்தாலும் நல்ல வோச் ஒன்றின் விலையில் பாதிகூட வராது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், வோச்சுக்காகத் தவணை முறையில் கடன் எடுத்த ஒரு பொடியனை எங்களுக்குத் தெரியும். வேலை இல்லை, வாப்பா வயல் செய்கிறார். ஃபோட்டோவில் மணிக்கட்டு தெரிய வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கடனுக்கு வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. கோபம் வேண்டாம் தம்பி, நாங்களும் அந்த வயதில் மோட்டார் சைக்கிளுக்குச் செய்ததுதான்.

இணையத்தில் கிடைக்கும் பாதைக் கோடுகள் பற்றியும் ஒரு வார்த்தை. யார் நடந்தது, எந்த மாதத்தில் நடந்தது, அவரே வழி தவறி அலைந்த கோடா என்று ஒன்றும் தெரியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்று பார்த்தோம். மண் சரிந்த இடங்களில் கோடு திரையில் இருக்கும், நிலத்தில் பாதை இருக்காது. அதற்கு முந்திய கோட்டை வைத்துக்கொண்டு இப்போது போகிறவர்கள், போகிற ஊரில் ஒருவரிடம் கேட்டுவிட்டு நடங்கள். இப்னு பதூதா 1344இல் புத்தளத்தில் வந்து இறங்கி பாவா ஆதம் மலைக்குப் போனபோது, பாதி உலகம் சுற்றிய அந்த மனிதரே வழி தெரிந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் போனார்.

கேட்டுவிட்டுப் போவதில் இன்னொரு காரணமும் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் பொடியன்கள் ஏழெட்டுப் பேர் பையும் கருவியுமாக முன்பின் தெரியாத ஒரு கிராமத்துக் காட்டுக்குள் நுழைந்தால் பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிக்கட் எடுங்கள், அனுமதி வேண்டிய இடத்தில் அனுமதி எடுங்கள், தேநீர்க் கடையில் இருந்து நாலு வார்த்தை சிங்களத்தில் பேசுங்கள், ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். அந்த ஊரில் ஒரு வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு வீண் காசு இல்லை. அவருக்கு உங்கள் முகம் தெரியும், நீங்கள் திரும்பி வராவிட்டால் முதலில் கவனிக்கிறவர் அவர்தான். எந்த வோச்சும் செய்யாத வேலை அது.

அப்போ பிள்ளைகளை அனுப்பாமல் விடுவோமா என்று சில வாப்பாமார் கேட்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை ஒரு பிள்ளை மாதக்கணக்கில் சும்மா இருக்கிறான். சந்தியில் என்ன விற்கிறது என்று நமக்கும் தெரியும். மலையில் அட்டை கடித்தால் இரத்தம் கொஞ்சம் போகும், ஆள் திரும்பி வருவான். நாங்கள் கண்ட வரையில், மூன்று நாள் ஒன்றாக நடந்து ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டு வந்த பிள்ளைகள் வகுப்பில் ஒரு வருடம் படிப்பிக்க முடியாததைப் படித்துக்கொண்டு வருகிறார்கள். அனுப்புங்கள். தாளை வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? எந்த இடத்தில் வாகனத்தை விட்டு நடக்கத் தொடங்குகிறார்கள், எந்த வழியால் ஏறி எந்த வழியால் இறங்குகிறார்கள், இரவு எங்கே தங்குகிறார்கள். போகிற எல்லாப் பிள்ளைகளின் பெயர், போன் இலக்கம், வீட்டு இலக்கம். வழிகாட்டியின் இலக்கம். சிக்னல் உள்ள இடத்துக்கு எத்தனை மணிக்கு வந்து பேசுவான். எத்தனை மணி வரை பேசாவிட்டால் உம்மா பொலிஸுக்கு எடுக்க வேண்டும். இந்தக் கடைசி மணியை மகனே தன் கையால் எழுதட்டும், அப்போதுதான் அதை மதிப்பான். பொலிஸ் 119, அம்பியூலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 என்றும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். நடக்கிறவர்களுக்கு எங்கள் ஒரே சட்டம்: அஸர் நேரத்துக்கு எங்கே நின்றாலும் இனி முன்னுக்கு இல்லை, தங்குமிடத்துக்குத் திரும்பு. நம் நாட்டில் சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் காட்டுக்குள் கை தெரியாது.

கேட்டடியில் சந்தித்த உம்மாவின் மகன் நேற்றுப் பின்னேரம் எங்களிடம் வந்தான். வோச்சைக் கழற்றிக் கையில் தந்தான். போனை எங்களிடம் வைத்துவிட்டுக் குளக்கட்டில் நடந்துவிட்டு வா என்றோம். முக்கால் மணித்தியாலத்தில் வந்தான், கோடு கட்டின் மேலேயே சுத்தமாக விழுந்திருந்தது. நல்ல வோச், காக்காவின் காசு வீண் போகவில்லை. ஆனால் வரைபடம் வெறுமை, பெட்டரி அந்த ஒரு நடையிலேயே 11 வீதம் இறங்கியிருந்தது. கட்டில் இருந்தே இரண்டையும் பார்த்தோம். எந்த நேரமும் எரியும் திரையை நிற்பாட்டினோம், வட்ஸ்அப் சத்தங்களை நிற்பாட்டினோம், வரைபடத்தை எப்படி ஏற்றுவது என்று காட்டினோம், போனிலும் இறக்கிக் கொடுத்தோம். பிறகு ஒரு கொப்பித் தாளைக் கிழித்துக் கொடுத்து எழுதச் சொன்னோம். முதல் வரியில் "நக்கிள்ஸ்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். நக்கிள்ஸில் எங்கே என்று கேட்டோம். அவனுக்குத் தெரியவில்லை, கூட்டாளி ஒருவனுக்குத்தான் தெரியுமாம். அந்தக் கூட்டாளிக்கு அங்கிருந்தே எடுத்துக் கேட்டு, மஃரிபுக்கு பாங்கு சொல்லும் நேரம்தான் தாள் நிறைந்தது.

வாற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு குளக்கட்டில் இருப்போம். வோச் உள்ளவர்கள் வோச்சோடும், இல்லாதவர்கள் போனோடும் வாருங்கள், இரண்டையும் முழுதாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். வாங்க நினைத்திருக்கிறவர்கள் வாங்குவதற்கு முன் வாருங்கள். கொப்பித் தாள் நாங்கள் கொண்டுவருகிறோம்.